ஈஸ்ட் போடும் சர்க்கரைக் கணக்கு

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிஷ்டி தோய் பற்றிப் புதிதாக நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாழை இலையும் வெற்றிலையும் வாங்க லேக் மார்க்கெட் பக்கம் போய்விட்டுத் திரும்பினால், கையில் ஒரு மண்சட்டி தோயும் கூடவே வந்துவிடும். சென்ற கோடையில் அப்படி வாங்கி வந்த சட்டி ஒன்று, பையோடு மறந்து போய் ஒன்றரை நாள் அடுக்களை மூலையிலேயே கிடந்துவிட்டது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கேட்க வேண்டுமா? மேலே கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் பூரி மாதிரி உப்பியிருந்தது. பிரித்துப் பார்த்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயையோ, கள்ளு வாசனை அடிக்கிறதே!" என்றாள்.

பதினோராம் வகுப்பு படிக்கும் பேரன் உடனே பிடித்துக்கொண்டான். "தாத்தா, தயிருன்னா பாக்டீரியாதானே? அதுல கள்ளு எப்படி வரும்?"

இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். கேள்வி என்னிடம் வந்தபிறகு விடுவேனா? அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க இங்கே எழுதியிருக்கிறேன்.

கள்ளு வாசனைக்குக் காரணம் ஈஸ்ட். காற்றிலும் தூசியிலும் பழத்தோலிலும் இருக்கிற ஒற்றைச் செல் உயிர் இது. ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் பனஞ்சாற்றைக் கள்ளாக்குவதும் இதன் வேலைதான். சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். சட்டியின் மேல்தாளை உப்ப வைத்தது அந்த வாயு. நம் முன்னோருக்கு ஈஸ்ட் என்ற பெயர் தெரியாது. ஆனால் அதை எப்படித் தடுப்பது என்று தெரிந்திருந்தது. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது, அவ்வளவுதான். இங்கே குளிர்காலத்தில் இறக்கும் கேஜுர் ரஸ், அதாவது ஈச்சஞ்சாறு, விடியற்காலையில் தேனாக இனித்து வெயில் ஏறியதும் புளித்துப் போவதும் இதே கதைதான். (பச்சைச் சாற்றை இப்போது யாரும் குடிக்காதிருப்பதே நல்லது. பழந்தின்னி வௌவால்கள் கலயத்தில் வாய் வைப்பதால் நிபா வைரஸ் பரவக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.)

சரி, தோய்ச் சட்டிக்குள் விழுந்த ஈஸ்ட்டின் முன்னால் என்னென்ன பரிமாறப்பட்டிருக்கிறது? முதலாவது, மிட்டாய்க்கடைக்காரர் போட்ட சாதாரணச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். இரண்டாவது, பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸ். இது குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்த இரட்டைச் சர்க்கரை. நம் ரொட்டி ஈஸ்ட்டால் அந்தக் கோப்பைப் பிரிக்க முடியாது. மூன்றாவதுதான் சுவாரசியமானது. தயிர் பாக்டீரியாக்கள் லாக்டோஸைப் பிரித்துக் குளுக்கோஸைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, கேலக்டோஸின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் தயிரில் கேலக்டோஸ் தனியாகக் கிடக்கிறது. ஈஸ்ட்டுக்கு அதைத் தின்னத் தெரியும்.

தெரியும் என்பது வேறு, தின்கிறது என்பது வேறு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் 1996-ல் படிக்கப்பட்டது. சுமார் ஆறாயிரம் மரபணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு புரதம் செய்வதற்கான சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடும்பத்தில் சமையல் புத்தகத்திலுள்ள அத்தனை பலகாரமும் ஒரே நாளில் செய்கிறார்கள்? தீபாவளிக்குக்கூட நாலைந்துதான். செல்லும் அப்படியே. ஒரு புரதம் செய்யச் சரக்கும் வேண்டும், எரிபொருளும் வேண்டும். தேவையில்லாததைச் செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட், பக்கத்திலுள்ள சிக்கன ஈஸ்ட்டிடம் தோற்றுப்போகும். ஆகவே எந்தக் குறிப்பை எப்போது திறப்பது, எதை மூடி வைப்பது என்பதற்கு அதனிடம் கறாரான கணக்கு உண்டு.

அந்தக் கணக்கின் முதல் விதி: குளுக்கோஸ் இருக்கும்வரை வேறெதையும் தொடாதே. குளுக்கோஸை எரிக்கத் தேவையான என்சைம்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மற்றச் சர்க்கரைகளுக்குத் தனியாகப் பாத்திரம் பண்டம் வாங்க வேண்டும். பாரிஸில் ழாக் மோனோ தம் 1941-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் பாக்டீரியாவிடம் இதையே கண்டார். இரண்டு சர்க்கரை கொடுத்தால் முதலில் ஒன்றைத் தின்று வளர்ந்து, சிறிது நேரம் வளர்ச்சி நின்று, பிறகு இரண்டாவதைத் தின்று மறுபடி வளர்ந்தது. அந்தச் சின்ன இடைவெளி ஏன் என்று துருவிப் போனதுதான் பின்னாளில் அவருக்கு 1965-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோய் விட்டது.

ஈஸ்ட்டில் இந்த விதியை நடத்தி வைப்பது முக்கியமாக இரண்டு புரதங்கள். ஒன்றின் பெயர் மிக்-1. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது இது செல்லின் உட்கருவுக்குள் உட்கார்ந்து, மற்றச் சர்க்கரைகளுக்கான மரபணுக்களின் வாசலை அடைத்துக்கொள்ளும். இன்னொன்று ஸ்னஃப்-1. குளுக்கோஸ் தீர்ந்தால் விழித்துக்கொண்டு, மிக்-1 மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும். முத்திரை விழுந்த மிக்-1 உட்கருவை விட்டு வெளியேற்றப்படும். வாசல் திறக்கும். சர்க்கரையில் வளர முடியாத ஈஸ்ட்டுகளைத் தேடித்தான் அமெரிக்காவில் மரியன் கார்ல்சனும் டேவிட் பாட்ஸ்டைனும் 1981-ல் ஸ்னஃப் மரபணுக்களை அறிவித்தார்கள். "சுக்ரோஸை நொதிக்காதது" என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

சுக்ரோஸ் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனசு வரவில்லை. சுக்ரோஸை உடைக்கும் இன்வெர்டேஸ் என்ற என்சைமும் மேற்சொன்ன பூட்டுக்கு உட்பட்டதுதான். ஈஸ்ட் இதைச் செல்லுக்குள் வைத்துக்கொள்வதில்லை; வெளிச்சுவரில் வைத்திருக்கிறது. உடைந்து வரும் குளுக்கோஸில் நூற்றுக்கு ஒரு பங்குதான் உடைத்தவனுக்கு. மிச்சம் கரைந்து அக்கம்பக்கத்தாருக்கு. என்சைமே செய்யாமல் சும்மா உட்கார்ந்து தின்னும் ஈஸ்ட்டுகள் இதனால் பிழைத்துக்கொள்கின்றன என்று 2009-ல் ஒரு ஆய்வு காட்டியது. நம் சங்கத்து ஆண்டு விழாவில் சமையலறையில் நிற்பவர்கள் சிலர், பந்தியில் உட்காருபவர்கள் பலர். இதற்கு மேல் நான் விளக்கினால் செயற்குழுவில் பிரச்சினை வரும்.

ஸ்னஃப்-1 போன்ற ஒரு புரதம் நம் உடம்பிலும் உண்டு. ஏ.எம்.பி.கே. என்று பெயர். செல்லில் எரிபொருள் குறையும்போது விழித்துக்கொண்டு, "செலவைக் குறை, சேமிப்பை எடு" என்று உத்தரவு போடும். வேகமாக நடக்கும்போது தசைகளில் இது முடுக்கிவிடப்படுகிறது. நம்மில் பலர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் இதைத் தூண்டுகிறது என்று 2001-ல் காட்டப்பட்டது. அந்த மாத்திரை வேறு வழிகளிலும் வேலை செய்கிறது என்பது பின்னர் தெரிந்தாலும், ஈஸ்ட்டின் சர்க்கரைப் பூட்டிலிருந்து தொடங்கிய பாதை சர்க்கரை நோயாளியின் மருந்துப் பெட்டி வரை வந்திருக்கிறது.

இப்போது கேலக்டோஸ். ஈஸ்ட்டின் அத்தனை பூட்டுகளிலும் அதிகம் ஆராயப்பட்டது இதுதான், அழகானதும் இதுதான் என்பது என் கட்சி. கேலக்டோஸைக் குளுக்கோஸ் வழிக்குக் கொண்டுவர கேல்-1, கேல்-7, கேல்-10 என்று மூன்று என்சைம்கள் தேவை. குளுக்கோஸில் வளரும் ஈஸ்ட்டில் இவை இல்லையென்றே சொல்லலாம். குளுக்கோஸ் இல்லாமல் கேலக்டோஸ் மட்டும் கிடைத்தால், அவற்றின் உற்பத்தி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எகிறும்.

எப்படி? கல்யாண வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். கேல்-4 என்ற புரதம்தான் தலைமைச் சமையல்காரர். மூன்று மரபணுக்களின் வாசலிலும் கரண்டியோடு தயாராக நிற்கிறார். ஆனால் கேல்-80 என்ற மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரும் வரலை, அடுப்பை மூட்டாதேயும்" என்கிறார். கேல்-3 என்பவர் வாசலில் நின்று விருந்தாளியைப் பார்ப்பவர். கேலக்டோஸ் வந்து கையைக் குலுக்கியதும் உள்ளே தகவலோடு ஓடி, மாமாவை அப்படியே அணைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். சமையல்காரரின் கை விடுபடுகிறது, அடுப்பு எரிகிறது.

குளுக்கோஸ் இருந்தால்? அப்போது மிக்-1 வந்து சமையல்காரர் எண்ணிக்கையையே குறைத்து, அடுக்களைக் கதவையும் சாத்திவிடும். ஆகவே மாமா பிடித்திருப்பது ஒரு பூட்டு, கதவு இன்னொரு பூட்டு. கிளிசரால் போன்ற நடுநிலை உணவில் வளரும் ஈஸ்ட்டுக்குக் கேலக்டோஸ் கொடுத்தால் சில நிமிடங்களில் மரபணு திறக்கிறது. குளுக்கோஸில் கொழுத்திருந்த ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் மணிக்கணக்காகிறது. எங்கள் தோய்ச் சட்டியிலும் சர்க்கரை மிச்சமிருந்தவரை கேலக்டோஸ் சீண்டப்படாமல்தான் கிடந்திருக்கும்.

கையைப் பிடிப்பதும் தள்ளிக்கொண்டு போவதும் இப்போது பாடப்புத்தகத்தில் நாலு வரியாக இருக்கிறது. அந்த நாலு வரிக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் உண்டு. அதில் ஒரு முக்கியமான வரி ஒரு இந்தியருடையது. 1948-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் விங்கேயும் ராபர்ட்ஸும் ஒரு விசித்திர ஈஸ்ட்டைக் கண்டார்கள். மற்றவை சில மணியில் கேலக்டோஸுக்குப் பழகிக்கொள்ள, இது நாட்கணக்கில் சும்மா இருந்து, பிறகு திடீரென்று பழகிக்கொண்டது. கேல்-3 கெட்டுப்போன ஈஸ்ட் அது. சமையல்காரரும் மாமாவும் இருக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் டக்ளஸும் ஹாதார்னும் 1960-களில் ஊகித்தார்கள். கேல்-3 என்னதான் செய்கிறது? அது ஒரு என்சைம், கேலக்டோஸை வேறொரு சமிக்ஞைப் பொருளாக மாற்றுகிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அந்தச் சமிக்ஞைப் பொருளை யாரும் கண்ணால் கண்டதில்லை.

பி. ஜெயதேவ பட் அப்போது பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் ஹாப்பரின் ஆய்வகத்தில் இருந்தார். 1992-ல் இருவரும் வெளியிட்ட சோதனை எளிமையானது. கேல்-3 புரதத்தைச் செல்லுக்குள் அளவுக்கு மீறிச் செய்ய வைத்தார்கள்; கேலக்டோஸ் ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் மரபணுக்கள் திறந்துகொண்டன. கேலக்டோஸே இல்லாதபோது அதிலிருந்து சமிக்ஞைப் பொருள் எப்படி வரும்? ஆகவே கேல்-3 எதையும் சமைத்துத் தரவில்லை, அதுவேதான் தூதர். கேல்-1 புரதத்தை அதிகமாக்கினாலும் இதே பலன் கிடைத்தது. கேல்-1 முழுநேர என்சைம், பகுதிநேரத் தூதர். கேல்-3 முழுநேரத் தூதர். இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் பிள்ளைகள். கோபன்ஹேகன் ஈஸ்ட் நாட்கணக்கில் காத்திருந்து பழகிக்கொண்ட மர்மமும் இதில் அவிழ்ந்தது: தூதர் இல்லாத வீட்டில் கேல்-1 தட்டுத்தடுமாறி அந்த வேலையையும் பார்த்திருக்கிறது. பட் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகி அங்கேயே இந்த ஆய்வைத் தொடர்ந்தார். கேலக்டோஸ் மரபணுக்கள் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் 2008-ல் எழுதினார். ஒரு சர்க்கரைக்கு ஒரு வாழ்நாளா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

இன்னொரு விஷயம். ஒருமுறை கேலக்டோஸ் தின்று பழகிய ஈஸ்ட்டைக் குளுக்கோஸுக்கு மாற்றி, பல தலைமுறை கழித்துத் திரும்பக் கேலக்டோஸ் கொடுத்தால், பேரன்கள் தாத்தாவைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. தாய்ச் செல்லில் மிஞ்சிய கேல்-1 புரதம் பிள்ளைகளுக்குப் பங்காகப் போவது இதற்குக் காரணம் என்று 2007-ல் காட்டினார்கள். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மரபணு என்றாலே தலையெழுத்து என்று பேசுகிறோம். எழுத்து இருப்பது ஒன்று, அது எப்போது படிக்கப்படுகிறது என்பது இன்னொன்று.

எழுத்தே கெட்டுப்போனால் நிலைமை வேறு; அதையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்டின் கேல்-7 செய்யும் அதே வேலையை நம் கல்லீரலிலும் ஒரு என்சைம் செய்கிறது. அந்த என்சைம் இல்லாமல் மிக அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கின்றன. கேலக்டோசீமியா என்று பெயர். தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸிலிருந்து வரும் கேலக்டோஸ் பாதி வழியில் நின்று, நச்சாகச் சேர்ந்துகொள்ளும். பிறந்த சில நாட்களிலேயே வாந்தி, மஞ்சள் காமாலை, பால் குடிக்காமை. பாலை உடனே நிறுத்தி, சோயா போன்ற மாற்று உணவு கொடுத்தால் குழந்தையின் உயிரைக் காப்பாற்றலாம். கேல்-7 இல்லாத ஈஸ்ட்டுக்குக் கேலக்டோஸ் கொடுத்தாலும் அதே நச்சு சேர்ந்து வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனால் இந்த நோயை ஆராயவும் ஈஸ்ட் உதவுகிறது. பிறந்த குழந்தைக்குக் காமாலை என்றால் "வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், வாந்தியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சட்டியில் சர்க்கரையெல்லாம் தீர்ந்த பிறகு ஈஸ்ட் என்ன செய்யும்? காற்று கிடைத்தால், தான் கழித்த சாராயத்தையே திரும்பத் தின்னும். அதற்காக வீட்டையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் டிரிசி, விஷ்வநாத் ஐயர், பேட்ரிக் பிரவுன் மூவரும் 1997-ல் ஈஸ்ட்டின் அத்தனை மரபணுக்களையும் ஒரு கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாக வைத்து, இந்த மாற்றத்தின்போது எது கூடுகிறது, எது குறைகிறது என்று அளந்தார்கள். சுமார் 710 மரபணுக்களின் வேலை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. சுமார் 1,030-ன் வேலை பாதிக்கும் கீழே இறங்கியது. சாப்பாடு மாறியதற்காகக் கால்வாசிக்கு மேற்பட்ட மரபணுக்கள்!

இத்தனையும் படித்து என்ன லாபம் என்று கேட்டான் பேரன். பதினோராம் வகுப்புக்காரன், நீட் கோச்சிங் போகிறவன், அப்படித்தான் கேட்பான். "உன் கையிலேயே இருக்குடா பதில்" என்றேன்.

பிக்கியா என்று ஒரு ஈஸ்ட். ரொட்டி ஈஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் தொழிற்சாலைகளில் பழைய பெயர்தான். இதன் விசேஷம், மெத்தனாலைத் தின்னும். 2011 டிசம்பரில் நம் பக்கத்துத் தெற்கு 24 பர்கனாவின் சங்க்ராம்பூரில் 170-க்கும் மேற்பட்டவர்களையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது அதே மெத்தனால். மற்ற உணவு இருக்கும்போது பிக்கியாவின் மெத்தனால் மரபணு இறுக்கமாகப் பூட்டியிருக்கும். மெத்தனால் மட்டும் கொடுத்தால் பூட்டு திறந்து, செல்லின் புரதத்தில் முப்பது சதவீதம் வரை அந்த ஒரே என்சைமாக நிரம்பிவிடும். 1970-களில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி இதைக் கால்நடைத் தீவனமாக்கப் பார்த்தது. எண்ணெய் விலை ஏறியதும் கணக்கு உதைத்தது.

தீவனம் போகட்டும், பூட்டு பயன்பட்டது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் என்சைம் மரபணுவுக்குப் பதில் நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறார்கள். முதலில் கிளிசரால் கொடுத்து ஈஸ்ட்டை நன்றாகப் பெருக்க வேண்டும். அந்நியப் புரதம் செய்யும் சுமை அப்போது அதற்குக் கிடையாது. தொட்டி நிறைந்ததும் மெத்தனாலுக்கு மாற்றினால், அத்தனை செல்லும் ஒரே நேரத்தில் நமக்கு வேண்டிய புரதத்தைச் செய்யத் தொடங்கும். பிறகு அந்தப் புரதத்தை மட்டும் பல கட்டங்களாகச் சுத்திகரித்துப் பிரித்தெடுப்பார்கள். ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் கொண்டுவந்த கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி, இந்தியாவில் மரபணுப் பொறியியலால் செய்யப்பட்ட முதல் தடுப்பூசி. அது பிக்கியாவில் விளைந்ததுதான். அதுவரை வெளிநாட்டு ஊசி ஒன்றுக்குப் பல நூறு ரூபாய். நடுத்தரக் குடும்பங்களே யோசித்த விலை. உள்ளூர் ஊசி வந்ததும் விலை மளமளவென்று சரிந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. என். ரங்கராஜன் குழுவினர் பிக்கியாவின் இந்தப் பூட்டுகள் எப்படி இயங்குகின்றன என்பதையே ஆராய்ந்திருக்கிறார்கள்.

"அது சரி தாத்தா, என் கையில என்ன இருக்கு?"

2022 மார்ச்சில் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசு கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கியபோது அவனுக்கும் போட்டார்கள். கோர்பிவேக்ஸ், ஹைதராபாதின் பயலாஜிக்கல் ஈ தயாரிப்பு. கொரோனா வைரஸின் முள்ளிலிருந்து ஒரு துண்டுப் புரதம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர விஞ்ஞானிகள் அதைப் பிக்கியாவில், மெத்தனால் பூட்டுக்குப் பின்னால் வைத்துச் செய்யும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள்.

பேரன் இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாலும் ஊற்றி, தண்ணீரில் சர்க்கரை கரைத்து, இரண்டிலும் ஒரு ஸ்பூன் ரொட்டி ஈஸ்ட் போட்டான். அரைமணியில் சர்க்கரைத் தண்ணீர் நுரை தள்ளியது. பால் பெயருக்கு இரண்டு குமிழ் விட்டதோடு சரி. தோய்ச் சட்டியை மட்டும் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினான். பாட்டி அதற்குள் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.